பந்து வைத்திருப்பவர் கேட்கலாம்

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். முந்தாநாள் உன்னைப் பார்த்துவிட்டு வந்த உன் அப்பா, "நல்லாத்தான் இருக்கான், கொஞ்சம் சதை கூட போட்டிருக்கான்" என்றார். இதே ஊரில், வேங்கிக்கால் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிற மகனுக்குத் தபாலில் கடிதம் போடுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நேரில் வந்தால் நான் பாதி சொல்வதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். அந்த "சரிம்மா"வைக் கேட்கிற பொறுமை இப்போது என்னிடம் இல்லை. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று காத்திருந்தேன். தீபத் திருநாள் கூட வந்து போய்விட்டது. ஆறவில்லை.

உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களைக் கூப்பிட்டு மாதிரி வகுப்பு நடத்திய அந்தச் சனிக்கிழமையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். "அம்மா, நீ கண்டிப்பா வரணும், உன்னோட பந்துதான் ஹீரோ" என்று சொல்லி என்னை வரவழைத்தாய். நான் எவ்வளவு பெருமையோடு வந்தேன் தெரியுமா? அரக்கு பார்டர் போட்ட பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தேன். ஜூன் மாதம் நீ வேலையில் சேர்ந்தபோது, வீட்டில் இருந்து வேறெதையும் கேட்காமல் அந்தச் சிவப்புத் துணிப் பந்தை மட்டும் கேட்டாய். என் பழைய சுங்குடிப் புடவையைக் கிழித்து, உள்ளே இலவம் பஞ்சு அடைத்து, நானே கையால் தைத்த பந்து. பதினைந்து வருஷத்துக்கு மேல் என் வகுப்பில் உருண்ட பந்து. மூன்று முறை மேல்துணி மாற்றியிருக்கிறேன். என் மகன் ஆங்கில வாத்தியார், என் பந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறான் என்று பக்கத்து வீட்டில் எல்லாம் சொன்னேன்.

ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் மடக்கு நாற்காலிகளில் பெற்றோர்கள். அரிசி மண்டிக்காரர், பேங்க் குமாஸ்தா, வக்கீல் வீட்டம்மா. கடைசி வரிசை ஓரத்தில் யார் உட்கார்ந்திருந்தது தெரியுமா? சரோஜா. அடி அண்ணாமலையில் வேர்க்கடலைக் காடும், மலை சுற்றும் பாதையில் ஒரு வடைக் கடையும் வைத்திருக்கிற சரோஜா. நான் வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களில் ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "உக்காருடி, இப்போ நீ எம்பக்கத்துல உக்காரலாம்" என்றேன். அவள் பெண் கலா உன் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "நம்ம டீச்சர் பையன்கிட்டயே போய் சேந்துட்டா பாருங்க" என்றாள். அந்த "நம்ம" எனக்கு எவ்வளவு இனித்தது.

நீ எழுந்து வந்தாய். கழுத்தில் டை. ஆங்கிலத்தில் ஆரம்பித்தாய். வகுப்பின் முதல் பத்து நிமிஷம் 'வார்ம் அப்', பாடம் கிடையாது, விளையாட்டு மட்டும், வண்டி கிளம்புவதற்கு முன் இன்ஜினைச் சூடு பண்ணுகிற மாதிரி என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு விதியைச் சொன்னாய். பந்து வட்டத்தில் சுற்றும், பிடிக்கிற பிள்ளை ஆங்கிலக் கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லவேண்டும். இதுவரை சரி. அதற்கு மேல் சொன்னாயே, அதுதான். எந்தப் பிள்ளை வாயில் தமிழ் வார்த்தை வருகிறதோ, பந்து அதன் மடிக்குப் போகும். இன்னொரு பிள்ளையைத் தமிழ் பேசும்போது பிடித்துக் கொடுக்கும்வரை அது பந்தை வைத்திருக்க வேண்டும். சாயங்கால மணி அடிக்கும்போது யாரிடம் பந்து இருக்கிறதோ, அந்தப் பிள்ளை மறுநாள் பிரேயரில் சுவரைப் பார்த்து நிற்கவேண்டும். வக்கீல் வீட்டம்மா "வெரி குட் ஐடியா" என்றார். சரோஜாவுக்கு உன் ஆங்கிலம் புரியவில்லை. உன்னையே பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், தமிழ் பேசி மாட்டிக்கொண்ட ஒரு பையன் மடியில் பந்து இருந்தது. அவன் எந்தக் கேள்வியையும் கவனிக்கவில்லை. திருடனைத் தேடுகிற போலீஸ்காரன் மாதிரி ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லா வாயும் மூடியிருந்தது. அவன் மெதுவாக நகர்ந்து போய், பெஞ்சுக்குக் கீழே கலாவின் தொடையைக் கிள்ளினான். நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். பார்க்கவில்லை என்று என்னிடம் சொல்லாதே, உன் கண் அங்கேதான் இருந்தது. அவள் "அம்மா!" என்று கத்தினாள். வகுப்பு முழுவதும் எழுந்து நின்று, "டமில்! டமில்! சார், ஷி டமில்!" என்று கூவியது. பந்து அவள் மடியில் வந்து விழுந்தது. நீ சிரித்தாய். தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தாய். நீ சிரித்ததும் பெற்றோர்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள்.

சரோஜாவும் தட்டினாள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். என் முழங்கையைப் பிடித்துக் குலுக்கி, "டீச்சர், பாத்தீங்களா, எம்பொண்ணு கைக்குப் பந்து வந்துடுச்சு! ஜெயிச்சுட்டா இல்ல?" என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீ சொல். "ஆமாடி" என்று சொன்னேன்.

அவளுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று உனக்குத் தெரிய வேண்டும். அந்தப் பந்துக்கு ஒரு விதி உண்டு. நீ அதை விட்டுவிட்டு வெறும் துணியையும் பஞ்சையும் மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். அந்த விதி எனக்கு பி.டி. ஆசிரியர் பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லிக் கொடுத்தது கிடையாது. முதலில் நானும் உன்னைப் போலத்தான் ஆரம்பித்தேன். பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு, காலை முதல் பீரியட். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸிலும், அடி அண்ணாமலையில் இருந்து நடந்தும் வருகிற பிள்ளைகள். ஆங்கிலம் என்றால் ஊசி போட வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். பந்தைத் தூக்கிப் போட்டு "வாட் இஸ் யுவர் ஃபாதர்?" என்று கேட்பேன். ஒருத்தியும் பிடிக்கமாட்டாள். விலகிக்கொள்வார்கள். அடுப்பில் இருந்து எடுத்த நெருப்புக் கட்டியை எறிந்தது போல் அந்தப் பந்து யார் கையிலும் படாமல் தரையில் விழும். ஒரு வாரம் இப்படியே போனது. நான் பொறுமை இழந்து கத்தினேன். அப்போது பின் பெஞ்சில் இருந்து ஒரு பெண் பந்தை எடுத்து என் பக்கமே திருப்பி எறிந்தாள். "நீங்களே புடிங்க டீச்சர். நாங்க கேக்கறோம், நீங்க சொல்லுங்க. எப்பப் பாத்தாலும் நீங்களேதான் கேக்கறீங்க." அவள்தான் சரோஜா.

அடிக்கக் கை ஓங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஓங்கிய கையில் பந்து இருந்தது. எனக்கே என்ன தோன்றியதோ, "சரி, கேளு, ஆனா இங்கிலீஷ்ல கேளு" என்றேன். அவள் திணறினாள், சுற்றி இருந்தவர்கள் காதில் எதையோ ஓதினார்கள், கடைசியில் ஒரு கேள்வி வந்தது. "டீச்சர், வாட் ஈட் மார்னிங்?" பழைய சோறும் வெங்காயமும் என்று மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னேன். "ஐயே, டீச்சரும் பழையதுதான் துன்றாங்களா!" என்று ஒருத்தி தமிழில் கத்தினாள். வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்தார். மறுநாள் பந்துக்கு முப்பது கை நீண்டது.

அன்றிலிருந்து அதுதான் விதி. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் கேட்கலாம். தப்பும் தவறுமாகக் கேட்கலாம், கால்வாசி தமிழில் கூடக் கேட்கலாம். ஆனால் டீச்சர் பதில் சொல்லியே ஆகவேண்டும், உண்மையைச் சொல்லவேண்டும், "உட்காரு" என்று சொல்லக்கூடாது. உங்கள் வயது என்ன, உங்களுக்கு ஏன் இன்னொரு குழந்தை இல்லை, உங்கள் மாமியார் திட்டுவார்களா, எல்லாம் கேட்டார்கள். கேட்கவேண்டும் என்ற ஆசையில் வினைச்சொல்லைத் தேடினார்கள். பந்துக்காக ராத்திரியில் உட்கார்ந்து கேள்வி தயார் செய்துகொண்டு வந்தார்கள். ஊசிக்குப் பயந்த பிள்ளைகள்தான்.

இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். என் வகுப்புக்கு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும் என்றும் நினைத்தேன். அவர் வகுப்புக்குள் நுழைந்த நேரத்தில் ஒரு பெண் பந்தை வைத்துக்கொண்டு என் வயதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எதிரிலேயே, "இது கிளாஸ் ரூமா, சந்தையா? மரியாதை கத்துக் கொடுக்கத் தெரியாதவங்க இங்கிலீஷ் என்ன கத்துக் கொடுக்கப் போறீங்க?" என்றார். நான் வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். உனக்கு ஏழு வயது. கதவருகே நின்றாய். என் பையில் இருந்த பந்தை எடுத்துக்கொண்டு வந்து, அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "அம்மா, வொய் யூ க்ரை?" என்றாய்.

தமிழில் நீ அதைக் கேட்டிருக்கமாட்டாய். நம் வீட்டில் அழுகிறவர்களிடம் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள், உன் அப்பா அப்படித்தான் செய்தார். ஆனால் உன் கையில் பந்து இருந்தது. விதி இருந்தது. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு பெரிய மனிதர் என்னைத் திட்டிவிட்டார், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று உனக்குத் தெரிந்த சின்னச் சின்ன ஆங்கில வார்த்தைகளில் சொன்னேன். நீ யோசித்துவிட்டு, "பேட் மேன்" என்று தீர்ப்புச் சொன்னாய். நான் ஆங்கிலம் கற்றுக் கொடுப்பது எதற்காக என்று அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது. சொந்த மொழியில் கேட்க முடியாததைக் கூட ஒரு குழந்தை அதில் கேட்டுவிடலாம். அப்படிக் கேட்ட குழந்தை நீ. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். வேறு எவனாவது செய்திருந்தால், விவரம் தெரியாதவன் என்று விட்டிருப்பேன்.

அன்று கேட் பக்கத்தில் நின்று நாம் போட்ட சண்டையை மறுபடி எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ சொன்ன ஒவ்வொன்றும் என் காதில் இருக்கிறது. "உன் ஸ்கூல் வேற, என் ஸ்கூல் வேறம்மா. இங்க பேரன்ட்ஸுக்கு ரிசல்ட் வேணும். நாலே மாசத்துல கிளாஸ் முழுக்க இங்கிலீஷ் பேசுது, உன் கிளாஸ்ல பேசிச்சா?" பேசவில்லை, ஒத்துக்கொள்கிறேன். என் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு போனபிறகும் 'கோ' சொல்லவேண்டிய இடத்தில் 'கோயிங்' சொன்னார்கள். உன் பிள்ளைகள் "மே ஐ கம் இன் சார்" என்பதைப் பிசிறில்லாமல் சொல்கிறார்கள். ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். வேலூரில் கல்லூரிக்குப் போன முதல் வருஷம், கான்வென்ட் பெண்கள் நடுவில் வாயைத் திறக்கப் பயந்து, தாகம் எடுத்தாலும் தண்ணீர் எங்கே என்று கேட்காமல் இருந்தவள் நான். அந்த வாய்ப்பூட்டு இன்னொரு பிள்ளைக்கு வரக்கூடாது என்றுதான் பந்தைத் தைத்தேன். நீ அதே பந்தால் பூட்டு போடுகிறாய். "சும்மா ஜாலிக்கும்மா, பசங்களே என்ஜாய் பண்றாங்க" என்றாய். பந்து யார் மடியில் இல்லையோ அவர்கள் என்ஜாய் பண்ணினார்கள். உனக்கு அது போதும் போலிருக்கிறது. அடுத்த ஜூனில் உன்னைத் தலைமை ஆசிரியர் ஆக்கி, எல்லா வகுப்பிலும் இந்த விளையாட்டைக் கொண்டுவரப் போவதாகத் தாளாளர் சொன்னார் என்றும் சொன்னாய். உங்கள் பள்ளிக்கூடம் கொடுத்த கேசரியைத் தொடாமல் நான் பஸ் ஏறியது அதனால்தான். நீ நினைத்தது போல் சர்க்கரை வியாதிக்குப் பயந்து இல்லை.

தீபம் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த மறுநாள் சாயங்காலம் சரோஜா என் வீட்டுக்கு வந்தாள். கூடை நிறையக் கடலை கொண்டுவந்தாள், உட்காரவில்லை. "டீச்சர், கலா ஸ்கூலுக்குப் போவமாட்டேன்றா. சரி, பயம்னு நெனச்சேன். வூட்லயும் பேச மாட்டேன்றா. கேட்டா தலைய ஆட்றா, அவ்ளோதான். தீபத்தன்னிக்குக் கடையில செம கூட்டம். பக்கத்துல நின்னுட்டு இருந்தா. வடை சட்டியில இருந்து எண்ணெய் தெறிச்சிடுச்சு டீச்சர், கையில இம்மாம் பெரிய கொப்புளம். பல்லைக் கடிச்சிக்கிட்டு நிக்கறா. கண்ணுல தண்ணி கொட்டுது. 'அம்மா'ன்னு ஒரு வார்த்த வாயில வரல. டாக்டர்கிட்ட காட்டணுமா டீச்சர்? வாய்ல ஏதாவது கோளாறா?"

அப்போதுதான் சொன்னேன். உன் ஆங்கில விதியை அவளுக்குத் தமிழில் ஒன்று விடாமல் சொன்னேன். ஜெயிச்சுட்டா என்று நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். உன்னைத் திட்டியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் கை தட்டினேனே டீச்சர்" என்றாள். "அவ என்னத்தான் பாத்துட்டு இருந்தா. நான் சிரிச்சிக்கிட்டே கை தட்டினேனே."

மகனே, உன்னிடம் கேட்கிறேன், இது என்ன 'ரிசல்ட்'?

மறுநாள் லீவு போட்டுவிட்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். அதற்கு முன்பு உட்கார்ந்து ஒரு பந்து தைத்தேன். பழைய சுங்குடி தீர்ந்துவிட்டது. உன் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு வந்தேனே, அந்தப் பட்டுப்புடவையின் முந்தானையை வெட்டினேன். உன் அப்பா, "உனக்கு என்ன பைத்தியமா, கல்யாணப் புடவை அது" என்றார். "ஆமா" என்றேன். கடைக்குப் பின்னால் கலா கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கையில் மஞ்சள் பூசிய கொப்புளம். என்னைப் பார்த்ததும் உதட்டை உள்ளே இழுத்து மடித்துக்கொண்டாள். நான் பந்தை எடுத்தேன். அவள் எழுந்து ஓடிவிட்டாள். நான் தைத்த பந்தைப் பார்த்து ஒரு குழந்தை எழுந்து ஓடுவதை இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சரோஜாவும் நானும் மட்டும் விளையாடினோம். அவள் பிடித்தாள், கேட்டாள். "டீச்சர், வாட் ஈட் மார்னிங்?" அதே கேள்வி. ரெண்டு இட்லி என்றேன். "இப்போல்லாம் இட்லியா, ஜாஸ்திதான் டீச்சர் உங்களுக்கு" என்று தமிழில் கிண்டல் செய்தாள். கையில் பந்தோடு அவள் தமிழ் பேசினாள், யாரும் கத்தவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த கலா இதை எல்லாம் பார்த்தாள். வெகுநேரம் கழித்து வந்து சரோஜாவின் தோளைத் தொட்டாள். சரோஜா பந்தை அவள் கையில் கொடுத்தாள். எறியவில்லை, கொடுத்தாள். நான் விதியைச் சொன்னேன். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் கேட்கலாம். தமிழிலும் கேட்கலாம். நான் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

பட்டு ஜரிகையை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள். தமிழில் இல்லை. நீ கற்றுக் கொடுத்த ஆங்கிலத்தில், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"வொய் சார் லாஃப்?"

இத்தனை வருஷம் எத்தனையோ பிள்ளைகள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். ஏழு வயதில் நீ கேட்டதற்கும் சொன்னேன். இதற்கு என்னால் முடியவில்லை. அது நான் சொல்லவேண்டிய பதில் இல்லை. "சாரையே வரச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

உன் தாளாளர் என்ன சொல்வார், தலைமை ஆசிரியர் பதவி என்ன ஆகும் என்றெல்லாம் எனக்கு எழுதாதே. இந்தக் கடிதத்துக்குப் பதிலே எழுதாதே. ஞாயிற்றுக்கிழமை அடி அண்ணாமலை பஸ்ஸில் ஏறு. டை கட்டிக்கொண்டு போகாதே. சரோஜா உனக்குத் தண்ணீர் கொடுப்பாள், வாங்கிக் குடி. பிறகு அந்தப் பிள்ளைக்கு எதிரில் தரையில் உட்கார். பந்து அவளிடம்தான் இருக்கிறது. நான் திருப்பி வாங்கவில்லை.

உன் அம்மா